கன்றும் பிள்ளையும்

தென்னையின் இளமைக்குப் பிள்ளை என்று பெயர். மாவின் இளமைக்குக் கன்று என்று பெயர். பனையின் இளமை வடலி. வாழையினடியிற் கிளம்புவதை நம்மூரவர் குட்டி என்பர். வடலி ஒன்று நீங்க, ஏனையவை வீட்டிலும் தொழுவத்திலும் வழங்குகின்ற பெயர்கள். அவை தோட்டத்துக்கு வந்த வழி யாது?

தொல்காப்பியர் மரபியலிலே இளமைப் பெயர்களை ஒன்பதாகத் தொகுத்தார். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவை. பறவைக்கு இது, விலங்குக்கு இது என்று பங்கிட்டுக்கொண்டு வந்தவர், ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளிடத்து வந்ததும், பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்களை அவற்றுக்கும் கொள்ளலாம் என்று இடங்கொடுத்தார். கொடுத்த கையோடு ஒரு விலக்கும் வைத்தார். நெல்லுக்கும் புல்லுக்கும் அப்பெயர்கள் ஆகா என்றார்.

ஏன் ஆகா? வகுப்பிலே மாணாக்கர் கேட்பர். "வழக்கு அப்படி" என்று சொல்லி அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவேன். இருபது ஆண்டு அப்படியே போனேன். உரையாசிரியர்கள் சொல்வது ஒருபுறம் நிற்க, எனக்கு இப்போது தோன்றுவது இது: நெல் ஒரு போகத்தோடு போவது. ஒரு பருவம் பார்த்தாற் போதும். பிள்ளையும் கன்றும் அப்படியல்ல. மூன்று நான்கு கோடை அருகிலிருந்து பார்க்கவேண்டியவை; பாராவிட்டாற் சாகின்றவை; பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாகின்றவையும் உள. இந்தப் பொருள் எனக்கு ஏட்டிலே விளங்கவில்லை. ஒன்பது கன்றுகளைக் கொன்ற பின்பே விளங்கிற்று.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகின்றேன்.

வலிகாமம் வடக்கிலே நான்கு பரப்பு வளவு எங்களுடையது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் அதனை விட்டு வெளியேறினோம். அப்போது அங்கே என் தந்தையார் வைத்த கறுத்தக்கொழும்பான் ஒன்று கிணற்றுக்குக் கிழக்கே நின்றது. கோடிப்புறத்தில் அம்பலவி. அடிவளவிலே பலா இரண்டு. கிணற்றடியிலே தேசி, வாசலிலே மாதாளை. மாதுளை என்று எழுதவேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வாசலில் நின்றது மாதாளைதான். சில நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணிச் சென்றவர்கள் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2015இல் அப்பகுதிக் காணிகள் சில விடுவிக்கப்பட்டபோது திரும்பினோம். வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் இருந்தது. கிணறு கற்களாலும் குப்பையாலும் நிறைந்திருந்தது. மரங்களுள் நான் அடையாளங்கண்டது ஒரு வேம்பு மாத்திரம். அதுவும் பழைய வேம்போ, பழைய வேம்பின் மகளோ, சொல்லமுடியவில்லை. எல்லைக் கல்லைத் தேடி எடுப்பதற்கு இரண்டு நாட்சென்றது. எங்களுக்குக் கிடைத்தது, எங்களுக்கு அப்பால் இன்னும் திரும்பாதவர் உளர் என்பதையும் இங்கே சொல்லாமல் விடுதல் முறையன்று.

வீடு கட்டி முடியுமுன்பே மரம் நட்டுவிடவேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு. 2016 தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு கன்றுகளை வண்டியிற் கொண்டுவந்து, ஒரே பகலில் நட்டு முடித்தேன். மாலையில் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒரு காவியத்தின் கடவுள் வாழ்த்தை எழுதி முடித்தவன் போலிருந்தது. ஆவணி பிறக்குமுன் ஒன்பது பட்டுப்போயின. கொய்யா ஒன்றும் மாதாளை ஒன்றும் எஞ்சின.

பக்கத்து வளவுக்குத் திரும்பியிருந்த பெரியவர் ஒருவர் வேலிக்கு மேலாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். எண்பதை அண்டியவர், புகையிலைத் தோட்டக்காரர். ஒன்பதாவது கன்று கருகிய அன்று படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"வாத்தியார், உதை நட்டனீரோ, தாட்டனீரோ?"

நட்டது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை வாங்கி, கருகிய மாங்கன்றைக் கிளப்பி என் கையில் தந்தார். கன்று வந்த பொலித்தீன் பை எந்த வடிவமோ அந்த வடிவத்திலேயே வேர் சுருண்டிருந்தது. ஏழு மாதத்தில் ஒரு வேராவது புதுமண்ணுக்குள் விரலளவும் போகவில்லை. குழியின் அடியை அலவாங்கினாலே தட்டினார். கணீர் என்றது. வெள்ளைக்கல்.

"சட்டிக்குள்ளை வைச்ச கன்றைக் கொண்டுவந்து கற்சட்டிக்குள்ளை வைச்சிருக்கிறீர். அது எங்கை போறது?"

பிறகு தண்டைத் தடவிப்பார்த்தார். ஒட்டுக்கன்று என்று விலை கொடுத்து வாங்கியது அது. ஒட்டிய இடத்தில் ஒரு நாடா சுற்றியிருந்தது. நாடாவை அவிழ்த்தார். உள்ளே ஒட்டும் இல்லை, வடுவும் இல்லை, ஒரே தண்டு. கொட்டைக்கன்று ஒன்றுக்கு நாடா கட்டி விற்றிருக்கிறார்கள். விற்ற இடத்தின் பெயர் இங்கே வேண்டா. வேற்றுமையுருபு தொக்கிருப்பதைக் கண்டுபிடிப்பவன், ஒட்டுத் தொக்கிருப்பதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம்.

அன்று மாலை முழுவதும் அவர் சொல்லியவற்றையும், பின்பு நான் கேட்டும் படித்தும் பட்டும் அறிந்தவற்றையும் இங்கே எழுதுகின்றேன்.

முதலிற் காலம். யாழ்ப்பாணத்துக்கு ஆறு இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. மாரியில் ஓடிக் கோடையிற் பெயரளவில் நிற்பது. ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் என்றால், அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதத்துக்குள் விழுந்துவிடும். தையிலே நடுபவன் மழையின் முதுகைப் பார்த்து நடுகின்றான். கன்று வேர்விடத் தொடங்கும்போது பங்குனி வெயில் வந்துவிடும். அதன் பின்னே சோழகம். வைகாசி தொடக்கம் ஆவணி வரையும் தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசுகின்ற அந்த உலர்காற்றை, நாட்டுக்கன்று என்ன, நாட்பட்ட மரமே தாங்க மாட்டாது. ஆகவே நடுங்காலம் ஐப்பசி. முதல் மழை நிலத்தை நனைத்து, மண்ணின் சூடு ஆறியபின் நடவேண்டும். அப்படி நட்ட கன்றுக்கு இரண்டு மூன்று மாதம் வானமே செவிலித்தாய்.

குழியோ ஆடியிலும் ஆவணியிலும் வெட்டவேண்டியது. மாவுக்கும் பலாவுக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றும் மும்மூன்றடி. இந்த அளவைக் கேட்டதும் பலர் முகஞ் சுளிப்பர். தென்மராட்சி மணலில் இது ஒரு காலை வேலை. வலிகாமத்துச் செம்பாட்டிலே இரண்டடிக்குள் கல் தட்டும் இடங்களும் உள. அங்கே ஒரு குழி இரண்டு நாள் வேலை. ஆனால் அந்தக் கல்லை உடைக்காமல் விடுதல் ஆகாது. நம் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின்மேல் இருக்கின்றது. அந்தக் கல் வெடிப்பும் பொந்தும் உடையது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அதற்குச் சான்று. மேலோட்டை உடைத்துக் கொடுத்தால், வெடிப்பு வழியே வேர் தானே இறங்கிவிடும். நம் பாட்டன்மார் அலவாங்கு பிடித்துக் கல்லை உடைத்தே தோட்டம் கண்டார்கள். உடைத்த கல்லை வேலியோரத்தில் அடுக்கினார்கள். வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டினார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டத்தைப் பார்த்து இயற்கையின் கொடை என்பவன் அந்த முதுகுகளைப் பாராதவன்.

வெட்டிய குழியை வெயிலிலே சில நாள் ஆறவிட்டு நிரப்பவேண்டும். நிரப்புவது எதனாலே? மேல்மண், உக்கிய மாட்டெரு, பூவரசங்குழை, பனையோலை. குழை தாழ்த்தல் என்பது நம் தோட்டக்காரரின் பழைய கலை. மாரியில் வரும் மழைநீர் செம்பாட்டு மண்ணிலே நில்லாமல் வடிந்துபோகும். அதனைப் பிடித்து நிறுத்துவது தாழ்த்த குழையும் ஓலையுமே. ஆனால் ஓர் எச்சரிக்கை. பச்சைக்குழையைத் தாழ்த்த அன்றே கன்றை வைக்கலாகாது. குழை அழுகும்போது சூடு பிறக்கும். அது வேரைச் சுடும். அழுகி முடிந்ததும் மண் இறங்கும்; மண்ணோடு கன்றும் இறங்கிப் பள்ளத்தில் நிற்கும். ஆவணியில் நிரப்பி, நிலமட்டத்துக்குமேல் அரையடி கூம்பலாக விட்டால், ஐப்பசிக்குள் அது இறங்கிச் சமப்படும்.

நடும்போது பையைக் கிழித்து நீக்குவது எல்லாரும் அறிந்தது. (நான் என் முதற் கன்றுகளிலே அதைச் செய்தேன் என்பதைப் பதிவு செய்கின்றேன். பையோடு நட்டவரையும் அறிவேன்.) அறியாதது அதற்கடுத்த படி. பையினடியிற் சுருண்டிருக்கின்ற வேரை விரலால் அவிழ்த்துவிடவேண்டும், அவிழாததை நறுக்கவேண்டும். சுருண்ட வேர் பருத்தால், ஆண்டு பல சென்றபின் மரத்தின் கழுத்தைத் தானே நெரிக்கும். பையிலிருந்தபோது மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அந்த மட்டத்திலேயே நிலமும் இருக்கவேண்டும். ஆழமாக வைத்தாற் பலம் என்பது பிழை. அதுதான் பெரியவர் கேட்ட கேள்வி: நட்டதோ, தாட்டதோ? ஒட்டுக் கணு நிலத்துக்கு மேலே நன்றாகத் தெரியவேண்டும். அது மண்ணுள் மறைந்தால் ஈரம்பட்டு அழுகும்.

ஒட்டுக் கணுவுக்குக் கீழே துளிர்ப்பவற்றை அன்றன்றே கிள்ளுதல் வேண்டும். அவை கீழ்க்கட்டையின் பிள்ளைகள். மேலே ஒட்டியது கறுத்தக்கொழும்பானாக, கீழே இருப்பது யாரோ தெரியாத மாவாக இருக்கும். கீழ்த்துளிர் வலுத்தால் மேலொட்டு மெலியும். ஐந்தாண்டு சென்றபின் புளிக்கின்ற காயொன்றைக் கடித்துவிட்டு, கன்று விற்றவனைத் திட்டுபவர் உளர். சிற்சில வேளை குற்றம் வீட்டுக்காரருடையதே. சுற்றிய நாடாவையும் மறவாமல் அவிழ்க்க. இப்போதெல்லாம் விவசாயத் திணைக்களத்திற் பதிவுபெற்ற நாற்றுமேடைகள் உள. அங்கே வாங்கினும் நாடாவுக்குமேலும் கீழும் தண்டைப் பார்த்தே வாங்குக. சாய்வாக வெட்டிப் பொருத்திய வடு இருக்கவேண்டும். ஆளுயரக் கன்றைக் கண்டு மயங்கற்க. முழங்கால் உயரத்துக் கன்றே சீக்கிரம் மண்ணைப் பிடிக்கும்.

இனிச் சோழகத்துக்கு ஆயத்தம். ஊன்றுகோல் நடுகின்றவர்கள் கன்றின் எந்தப் பக்கத்திலாவது நட்டுவிடுகின்றார்கள். தென்மேற்குப் பக்கத்திலே, காற்று வருகின்ற முகத்தில், நடவேண்டும். அப்போது காற்றுக் கன்றைக் கோலிலிருந்து அப்பாலே சாய்க்கும். மறுபக்கம் நட்டால் கோலின்மேலே மோதி உரசும். கட்டு எட்டின் வடிவாக, தளர்வாக இருக்கட்டும். சிறிது அசைந்தாடுகின்ற தண்டுதான் பருக்கும். மேற்கு வெயிலுக்கு ஒரு பனையோலை குத்திவிட்டால் முதற்கோடை கழிந்துவிடும்.

தண்ணீர் விடயத்தில் நான் செய்த பிழையை இந்தப் பத்திரிகையின் வாசகருட் பாதிப்பேர் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகின்றேன். நாள்தோறும் காலையில் ஒரு செம்புத் தண்ணீர். அது அன்பு, நீர்பாய்ச்சல் அன்று. ஒரு செம்பு மேல்மண்ணில் இரண்டு அங்குலத்தையே நனைக்கும். வேரும் அந்த இரண்டங்குலத்திலேயே தங்கிவிடும். ஒருநாள் நீர் ஒரு கலியாணவீட்டுக்குப் போய்விட்டால் கன்று பட்டுவிடும். நாலு நாளுக்கு ஒருமுறை இரண்டு வாளி ஆறவிட்டு ஊற்றினால், நீர் கீழே இறங்கும். வேர் அதனைத் தேடிப் போகும். ஊற்றுவது தண்டினடியிலும் அன்று. கன்றைச் சுற்றி ஒரு வட்டப் பாத்தி. கன்று பரப்பப் பரப்ப வட்டமும் பரக்கவேண்டும். உண்பது தண்டன்று, வேர்நுனி. வெளியூர் போகின்றவர்க்கு ஒரு வழி: சுடுமண் குடமொன்றின் அடியில் ஊசித்துளையிட்டுத் திரியைச் செருகி, கழுத்துவரை கன்றருகே புதைத்து, நிரப்பி மூடிவிட்டால் பல நாளுக்கு ஈரம் காக்கும். பாத்திக்குமேலே சருகோ வைக்கோலோ தென்னம்பொச்சோ பரப்பிவிடவேண்டும். தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி. தண்டைத் தொட்டாற் கறையானுக்கு ஏணி வைத்ததாகும்.

நற்றிணையிலே 172ஆம் பாட்டு எல்லாரும் அறிந்தது. விளையாட்டில் மணலிலே அழுத்தி மறந்துவிட்ட விதை புன்னையாய் முளைக்க, சிறுமியர் அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தனர். தாயும் அது உங்களுக்கு உடன்பிறந்தாள் என்று சொல்லி வைத்தாள். பின்னாளிலே அம்மரநிழலில் தலைவனோடு நகையாட அவளுக்கு நாணமாயிற்று. பாட்டின் சுவையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நெய்யும் பாலும் வேருக்கு வேண்டா. அந்தப் புன்னை பிழைத்தது அந்தக் கடற்கரை மணலினாலும் அதன் வன்மையினாலுமே என்பது என் துணிபு. உக்கிய எருவே போதும்.

எருவைச் சொல்லும்போது ஒன்று சொல்லவேண்டியிருக்கின்றது. என் தேசிக்கன்றின் கொழுந்துகள் மஞ்சளித்தன. பசியென்று எண்ணி யூரியா இட்டேன். இன்னும் மஞ்சளித்தன. பிறகு தெரிந்துகொண்டது இது. பழுத்தது முதிர்ந்த இலையாயின் தழைச்சத்துக் குறைவு எனலாம். கொழுந்திலை வெளிறி, நரம்பு மாத்திரம் பச்சையாய் நிற்குமாயின், அது இரும்புச்சத்தின் குறை. செம்பாட்டு மண்ணிலே இரும்புக்கா பஞ்சம்? அதன் சிவப்பே இரும்பின் சிவப்பு. ஆயினும் சுண்ணாம்பு அதனைக் கட்டிவைத்திருக்கின்றது, வேருக்குக் கொடாது. நம் கிணற்றுநீரும் சுண்ணாம்பு கலந்த நீர். ஊற்ற ஊற்ற அது மேலும் கட்டும். உலோபி வீட்டுப் பத்தாயம் போல, உள்ளே நெல் இருக்கும். வாசலிலே பசித்தவன் நிற்பான். உக்கிய குழையும் எருவும் மண்ணில் மிகுந்தால் அந்தக் கட்டுத் தளரும். அவசரத்துக்கு இரும்புக் கலவையை இலையிலே தெளிக்கலாம். தேசிக்கும் கொய்யாவுக்கும் இந்நோய் மிகுதி.

யூரியா இட்டதிலே வேறொரு குற்றமும் உண்டு. நம் கிணற்றிலிருக்கும் நல்ல நீர் என்பது மழை பெய்து கல்லுக்குள் இறங்கியது. அது கடலிலிருந்து உள்வந்த உவர்நீரின்மேலே, எண்ணெய் மிதப்பதுபோல, மிதந்துகொண்டிருக்கின்றது. மேலே இட்ட உரம் மழையோடு அந்தக் கல்லின் வெடிப்புக்களால் விரைவாக இறங்கி அந்நீரிலே சேருகின்றது. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகளிலே நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வாளர் பலமுறை காட்டிவிட்டனர். தோட்டத்து நீரும் குடிக்கும் நீரும் நமக்கு ஒன்றே. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் கால் சோர்ந்ததும் கிணறு ஓய்ந்தது. இயந்திரத்துக்குக் கால் இல்லை. அளவு மீறி இறைத்தால் மேல்நீர் மெலிந்து கீழ்நீர் எழும், உவர் வரும். இலைநுனியும் ஓரமும் தீய்ந்து காய்வது அதன் முதற்கடிதம். மாவும் தேசியும் அதனைத் தாங்கா. மாதாளை ஓரளவு தாங்கும். கரையோரத்தார் கிணற்றைப் பார்த்து மரத்தைத் தெரிக. மரத்தைப் பார்த்துக் கிணற்றைத் தெரிதல் முடியாது.

வேலியைப் பற்றியும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பூவரசும் கிளுவையும் நின்ற வேலிகள் போய், இப்போது மதில்கள். மதில் கௌரவமானது, மறுக்கவில்லை. ஆனால் பூவரசு வேலி ஆண்டுக்கு இருமுறை குழை தந்தது. சோழகத்தை வடித்து விட்டது. மதில் குழை தராது. பகல் முழுவதும் வெயிலைக் குடித்து இரவிற் கன்றின்மேல் உமிழும். மதிலோரத்திலே நட்ட என் தேசிக்குக் கொழுந்து கருகியது. ஐந்து முழம் தள்ளி மறுகன்று நட்டேன், அது காய்க்கின்றது.

எந்த மரத்தை வைப்பது என்பதில் விதி ஒன்றுமில்லை, ஆசைதான் விதி. நாலு பரப்பு வளவிலே மாவுக்கு முப்பதடி இடம் விடவேண்டும், கொய்யாவுக்கும் தேசிக்கும் பதினைந்தடி, மாதாளைக்குப் பத்தடி. கன்று சிறிதாயிருப்பதைக் கண்டு நெருக்கி நடுபவர் பத்தாண்டுக்குப்பின் வாளைத் தேடுவர். கறுத்தக்கொழும்பான் கொழும்பின் பெயரைத் தாங்கினும் அதன் இராச்சியம் யாழ்ப்பாணமே. பழுத்தும் தோலிற் பச்சை மாறாது, உள்ளே செம்மஞ்சள். அம்பலவி மூக்குள்ளது. விலாட்டுச் சிறியது, முந்திக் காய்ப்பது. இவற்றைப் பற்றிய வாதம் நம்மவரிடையே முடியப்போவதில்லை. வாழைக்கு இடம் கிணற்றடி வாய்க்காலோரம். நீர்வேலிப் பக்கத்திலே கதலித் தோட்டங்களைக் கண்டவர்க்கு வேறு சொல்லவேண்டா.

ஒட்டுமா இரண்டாம் ஆண்டிலேயே பூக்கும். அந்தப் பூவைக் கிள்ளி எறிக என்று பெரியவர் சொன்னபோது என் மனைவியார் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆயினும் அவர் சொன்னதே சரி. மூன்றாண்டு வரை பூவைக் கிள்ளினாற் கொம்பு வலுக்கும். நடுத்தண்டை இடுப்பளவில் நறுக்கி மூன்று நாலு கிளை பிரியவிட்டால், பின்னாளில் ஏணியில்லாமற் காய் பறிக்கலாம்.

பகைவர் பலர். தேசிக்கொழுந்திலே பறவை எச்சம் போலொன்று ஒட்டியிருந்தால் அது எச்சமன்று, வண்ணத்துப்பூச்சியின் புழு. சில நாளிற் பச்சையாகிக் கன்றை மொட்டையாக்கிவிடும். கையாற் பொறுக்குதலே மருந்து. மாதாளைப் பிஞ்சையும் பூச்சி துளைக்கும். துணிப்பையோ கடதாசிப்பையோ கட்டினாற் காய் தப்பும். ஆடு எல்லாவற்றிலும் பெரிய பூச்சி. அதற்கு முட்கூடு ஒன்றே வழி.

2016 ஐப்பசியில் மீண்டும் ஏழு கன்று நட்டேன். ஒன்று போயிற்று. ஆறு நின்றன. கறுத்தக்கொழும்பான் 2020இல் ஒன்பது காய் தந்தது. முதற்காயைப் பெரியவருக்குக் கொடுக்க வேலியருகே சென்றேன். அவர் அதற்கு முந்திய மாசியிலே காலமாகியிருந்தார் என்பது, வேலிக்கு மேலாக அழைத்த பிறகே நினைவுக்கு வந்தது. அவருடைய மகள் வந்து வாங்கிக்கொண்டார்.

இன்னொரு மரத்தின் கதையும் உண்டு. 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, நாங்கள் தென்மராட்சியிலே ஒரு வளவில் ஒதுங்கினோம். ஒரு மாமரத்தின்கீழே மூன்று குடும்பம். எருக்கும்பியோரம் பலாக்கொட்டை ஒன்று தானே முளைத்திருந்தது. நடமாடுவோர் கால்பட்டு ஒடிய இருந்தது. வளவுக்காரரிடம் கேட்டேன். "நடும் தம்பி, ஆர் தின்னுறதெண்டு ஆருக்குத் தெரியும்" என்றார். கார்த்திகை மழையிலே மண்ணுருண்டையோடு கிளப்பிப் பின்வளவில் வைத்து முட்கூடு கட்டினேன். செய்வதற்கு வேறு வேலையும் இருக்கவில்லை. ஆறு மாதத்தில் நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம், எங்கள் ஊருக்கல்ல. 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியிலே போர் நடந்தபோது அந்த வளவுக்காரரும் ஓடவேண்டி வந்தது. அவர்கள் திரும்பியபோது கூரை இல்லை. தென்னைகள் தலையில்லாமல் நின்றன. பலா ஒரு பக்கம் பட்டை உரிந்தபடி நின்றது.

இப்போது அவருடைய மகன் ஆண்டுதோறும் ஆனியில் ஒரு பழத்தைச் சாக்கிலே கட்டிப் பேருந்தில் ஏற்றிவிடுவார். தரிப்பிலே நான் காத்துநின்று இறக்குவேன். 1707இல் ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமையில், பிறர் நிலத்திலே தென்னை நட்டவனுக்கு என்ன பங்கு என்று விதியுண்டு; பிள்ளையைக் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். இதை அந்த மகனுக்குச் சொன்னேன். முளைத்தது அவர்கள் கொட்டை, நிலமும் அவர்களது. கணக்குப் பார்த்தால் எனக்கு வருவது மிகச் சொற்பம் என்றேன். "வாத்தியார், அப்பு சொல்லிப்போட்டுப் போனது ஒரு பழமெண்டு. கணக்கு எனக்குத் தெரியாது" என்றார்.

பலா இடமாற்றத்தை விரும்பாது. ஆணிவேர் நீண்டு இறங்குவது. பையிலே வைத்தால் முறியும். கொட்டையும் காய்ந்தால் முளையாது. ஆகவே பழம் வந்த சூட்டோடு, நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுதல் நன்று. சென்ற ஆண்டு அடிவளவிலே, பழைய பலா நின்றதென்று நான் நினைக்கும் இடத்தில், குழி வெட்டிக் கல்லுடைத்து நிரப்பி வைத்திருந்தேன். இவ்வாண்டு ஆனியில் வந்த பழத்திலிருந்து மூன்று கொட்டைகளை எடுத்து ஊன்றினேன். இரண்டு முளைத்து ஒரு சாண் வளர்ந்திருக்கின்றன. ஒன்றைத்தான் விடவேண்டும். எதனைப் பிடுங்குவது என்று நாள்தோறும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகின்றேன்.